ஏரோ பார் போட்ட சைக்கிளில் பிரேக் தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை ஈ.சி.ஆர். பக்கம் போனால் ஏரோ பார் போட்ட சைக்கிள் கண்ணில் படாமல் இருக்காது. காற்றுத் தடை குறைய முழங்கையை மெத்தையில் ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகள்தான் ஏரோ பார். அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிரேக் சரியில்லை, கொஞ்சம் பாருங்களேன்." பிரித்துப் பார்த்தால் பாதி வண்டிகளில் பிரேக்குக்கு ஒரு குறையும் இருக்காது. முழங்கை ஊன்றிக் குனிந்திருக்கும் கை, பிரேக் லிவரிடம் போய்ச் சேரவே நேரமாகிறது. மீதி வண்டிகளில்தான் கேபிள், கட்டை, ஆயில் என்று நிஜமான கோளாறு. எது எந்த வகை என்று முதலில் பிரித்துவிட்டால், தேவையில்லாமல் புது காலிப்பர் (கட்டையை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாகம்) வாங்கும் செலவு மிச்சம்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள். ரோடு பைக்கில் கிளிப் போட்டு மாட்டிய ஏரோ பார், டைம் டிரையல் (தனியாளாக நேரத்தோடு போட்டியிடும் பந்தயம்) சைக்கிளோடு வரும் ஏரோ பார், இரண்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## எதற்கும் முன்னால்: நின்ற இடத்தில் சோதனை

வண்டியிலிருந்து இறங்கிப் பக்கத்தில் நில்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் உருளாமல் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். பின் சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். இரண்டு லிவரையும் முழுப் பலத்தோடு அழுத்தினாலும் லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிஞ்ச வேண்டும்.

இதில் தேறிவிட்டால் கோளாறு ஓட்டும் முறையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் மூன்று அறிகுறிகளைப் பாருங்கள். தேறவில்லையென்றால் நேராக நான்காவதற்குப் போங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்: எந்தக் கை எந்த பிரேக்? நம் ஊர் ஸ்கூட்டரில் வலது லிவர் முன் பிரேக். அந்தப் பழக்கம் விரலிலேயே ஊறிக் கிடக்கிறது. அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த சைக்கிளை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்தால் அதில் இடது கைதான் முன் பிரேக்காக இருக்கும். பதற்றத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கைக் கவ்விப் பிடித்தவர்கள் உண்டு. பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிவிடுவதே நல்லது. கேபிள் வண்டியென்றால் இது ஒரு மணி நேர வேலை. கேபிள் ஃபிரேமுக்குள் ஓடினாலோ ஹைட்ராலிக் என்றாலோ மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## அறிகுறி 1: "பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி நினைத்த இடத்தில் நிற்பதில்லை"

36 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடியில் 10 மீட்டர் கடக்கிறது. ஏரோ நிலையில் கை லிவரில் இல்லை. கையை எடுத்து, பேஸ் பாரில் (பிரேக் லிவர் இருக்கும் குறுக்கு ஹேண்டில்பாரில்) வைத்து, விரலை லிவரில் போட ஒரு வினாடி போனால், பிரேக் தொடும் முன்பே 10 மீட்டர் போய்விட்டது. நல்ல பிரேக்காக இருந்தாலும் அதற்குப் பிறகு நிற்க ஏறக்குறைய இன்னொரு 10 மீட்டர் வேண்டும். அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த நெடுந்தூரப் போட்டி) பந்தயங்களில் வயதுப் பிரிவினர், அதாவது தொழில்முறை அல்லாதவர்கள், விட வேண்டிய 12 மீட்டர் இடைவெளி, முன்னே போகிறவரின் முன் சக்கரத்திலிருந்து உங்கள் முன் சக்கரம் வரை அளப்பது. அவர் சைக்கிளின் நீளத்தைக் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது அந்த ஒரு வினாடிதான்.

முதலில் பார்க்க வேண்டியது, கையை எங்கே மாற்றுகிறீர்கள் என்பது. ஆபத்தைப் பார்த்த பிறகு மாற்றினால் அது தாமதம். பேருந்து நிறுத்தம், குறுக்குச் சாலை, ஸ்பீட் பிரேக்கர், ஓரத்தில் படுத்திருக்கும் நாய், நிறுத்திய காரின் கதவு: இவை தூரத்தில் தெரியும்போதே கை பேஸ் பாருக்கு வந்துவிட வேண்டும். உத்தண்டி சுங்கச்சாவடிக்கு முன்னாலும், கோவளம் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள ஊருக்குள்ளும் முழங்கை மெத்தையில் கை இருக்கவே கூடாது என்பது என் கருத்து. கூட்டமாக ஓட்டும்போதும் அப்படியே. முன்னால் யாரும் இல்லாத, பக்கத்துத் தெரு எதுவும் வந்து சேராத நீளமான ரோட்டில் மட்டும் குனியுங்கள்.

அடுத்து, தலை. நெற்றி கீழே போய்விட்டால் கண் முன் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் பார்க்கும். கழுத்து வலிக்கிறது என்பதால்தான் பலர் தலையைத் தொங்கவிடுகிறார்கள். அப்படியானால் முழங்கை மெத்தை உங்களுக்கு ரொம்பத் தாழ்வாக இருக்கிறது. அடியில் ஸ்பேசர் (உயர்த்தும் துண்டு) போட்டு ஒரு சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். ஸ்பேசர் போட்டால் அதற்கேற்ற நீளமான போல்ட்டும் போட வேண்டும். பழைய குட்டை போல்ட் இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தால் பிரேக் அடிக்கும் நேரத்தில் மெத்தை கழன்று கையோடு வரும்.

மூன்றாவது, வழியில் தடை. இரண்டு ஏரோ கம்பிக்கும் நடுவே தண்ணீர் பாட்டில், அதன் மேல் சைக்கிள் கம்ப்யூட்டர், பக்கத்தில் விளக்கு என்று அடைத்து வைத்திருப்பார்கள். கை வெளியே வரும்போது எதிலாவது இடிக்கிறதா என்று, வண்டியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். கண்ணை மூடினால்தான் உண்மை தெரியும். கை தடவித் தேடாமல் லிவரில் போய் உட்கார வேண்டும். தேடினால் லிவரின் கோணத்தை மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் பயிற்சி. ஆளில்லாத ரோட்டில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, 20 கி.மீ. வேகத்தில் ஏரோ நிலையில் வந்து, கல்லைத் தாண்டும்போது கையை மாற்றி நிறுத்துங்கள். நின்ற இடத்தில் இன்னொரு கல். அது முதல் கல்லை நோக்கி நகர்ந்து வராமல் ஒரே இடத்தில் நிலைக்கும் வரை 25, 30 என்று வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஏரோ கம்பி நுனியிலேயே பிரேக் லிவர் வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முழங்கையில் ஊன்றிய உடம்பை பிரேக் அடிக்கும்போது பின்னால் தள்ளிப் பிடிக்கக் கை இல்லை. நிறுத்துவதற்கு பதில் முன்னால் தூக்கிப் போடும்.

## அறிகுறி 2: "கையை மாற்றும்போதே வண்டி பக்கவாட்டில் இழுக்கிறது"

இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுத்துத் தாவுவதுதான் வழக்கமான காரணம். ஒரு கணம் ஹேண்டில்பாரை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு சிறு பள்ளம் போதும்.

ஒவ்வொரு கையாக மாற்றுங்கள். பின் பிரேக் இருக்கும் பக்கத்துக் கை முதலில் இறங்கட்டும். எடை மற்ற முழங்கையில் இருக்கும். இடுப்பும் வயிறும் உடம்பைத் தாங்கும். இறங்கிய கை பின் பிரேக்கை லேசாகத் தொடலாம், அவ்வளவுதான். இரண்டாவது கையும் பேஸ் பாரைப் பிடித்த பிறகே முன் பிரேக்கில் பலம் கொடுக்க வேண்டும். ஒரு முழங்கை மெத்தையில் இருக்க, இன்னொரு கையால் முன் பிரேக்கை அழுத்தினால் ஹேண்டில்பார் அந்தப் பக்கமே திரும்பும். இது எந்த மெக்கானிக்காலும் தீராத கோளாறு.

அப்படியும் இழுத்தால்: மெத்தைகள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றனவா? நெருங்க நெருங்க ஹேண்டில்பாரைத் திருப்பும் பிடி குறைகிறது. ஒவ்வொன்றையும் ஒரு துளை வெளியே தள்ளிப் பாருங்கள். ஆழமான (பக்கவாட்டில் அகலமாகத் தெரியும்) கார்பன் ரிம் போட்டிருந்தால் கடற்காற்றும் சேர்ந்து தள்ளும். முட்டுக்காடு பாலம் மாதிரி திறந்த இடத்தில் பேஸ் பாரிலேயே ஓட்டுவதுதான் வழி. குறிப்பாக முன் ரிம் ஆழமாக இருந்தால், காற்று பலமாக வீசும் நாளில் முன்னுக்கு மட்டும் சாதாரண ரிம் மாட்டுங்கள்.

ஏரோ பாரே இல்லாமல் வெறும் ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றிக் குனிகிறவர்களுக்கும் இதே புகார் வரும். அங்கே பிடித்துக்கொள்ளவே எதுவும் கிடையாது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2021 ஏப்ரலில் ரோடு பந்தயங்களில் அதைத் தடை செய்தது. தீர்வு, செய்யாமல் இருப்பது.

## அறிகுறி 3: "பிரேக் பிடித்தால் பின் சக்கரம் எழும்புகிறது, இல்லையேல் வழுக்குகிறது"

ஏரோ வண்டியில் உடம்பு ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் எடை இன்னும் முன்னால் போகும். பின் சக்கரத்தில் எடை இல்லாததால்தான் எழும்புகிறது. பின் பிரேக்கைக் கொடுத்தால் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. இரண்டும் ஒரே கோளாறு.

கை பேஸ் பாருக்கு வந்ததும் கையை நீட்டி, இடுப்பை சீட்டின் பின்பக்கம் தள்ளுங்கள். மிதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முன் பிரேக்கை ஒரேயடியாகக் கவ்வாமல், தொட்டு, எடை முன்னால் வந்ததை உணர்ந்து, பிறகு கூட்டுங்கள். பின் சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் பின் பிரேக்கைத்தான் கொஞ்சம் விட வேண்டும். பயத்தில் முன் பிரேக்கை விட்டுவிடாதீர்கள், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

இது சரியாகச் செய்தும் எழும்பினால் சீட் ரொம்ப முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். டைம் டிரையல் அமைப்பில் சீட்டை முன்னால் கொண்டுவருவது வழக்கம்தான். ஆனால் ரோடு பைக்கில் கிளிப் ஏரோ பார் போட்டு, சீட்டையும் முன்னால் தள்ளி, நீளமான ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) போட்டால் எடை முழுக்க முன் சக்கரத்தில் விழும். இங்கே நிபுணரிடம் பைக் ஃபிட்டிங் செய்துகொள்வது செலவுக்குத் தகுந்த காரியம்.

## அறிகுறி 4: "லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, ஹேண்டில்பாரைத் தொடுகிறது"

### கேபிள் பிரேக் என்றால்

காலிப்பரின் விரைவு விடுவிப்பு லிவர் திறந்திருக்கிறதா பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் மூட மறப்பது சர்வ சாதாரணம். மூடியிருந்தால், சமீபத்தில் சக்கரம் மாற்றினீர்களா? அகலமான ரிம்முக்கு வைத்த பிரேக்கில் ஒல்லி ரிம் மாட்டினால் கட்டை எட்டாது. காலிப்பரிலோ லிவரிலோ உள்ள திருகை இடப்பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகும்.

அதிலும் சரியாகவில்லையென்றால் கட்டையைப் பாருங்கள். பள்ளங்கள் மறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கட்டை டயரைத் தொடக் கூடாது, ரிம்முக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. டயரில் உரசினால் பக்கச்சுவர் அறுந்து ஒரு நாள் வெடிக்கும்.

கட்டை நன்றாக இருந்தும் பஞ்சாகவே இருந்தால் கேபிளின் அவுட்டரை (கேபிள் உள்ளே ஓடும் வெளியுறையை) சந்தேகப்படுங்கள். டைம் டிரையல் வண்டியில் கேபிள் பேஸ் பாருக்குள் நுழைந்து, ஸ்டெம் அருகே வளைந்து, ஃபிரேமுக்குள் போகிறது. ஒவ்வொரு வளைவும் உங்கள் விரல் பலத்தைக் கொஞ்சம் தின்கிறது. லிவரை அழுத்தும்போது வெளியே தெரியும் அவுட்டர் நெளிந்தால், அதன் முனை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது அல்லது மூடி உள்ளே அமிழ்ந்திருக்கிறது.

கடைகளில் சில சமயம் நடக்கிற ஒரு தவறு: பிரேக்குக்கு கியர் அவுட்டரைப் போட்டுவிடுவது. பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டுவாயைப் பாருங்கள். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் வட்டமாக நிற்கும். பிரேக்கின் இழுப்புக்கு அது பிளந்துகொள்ளும். அப்படி இருந்தால் அந்த வண்டியில் வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். உள் கேபிளும் அதே போலத்தான்: பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மி.மீ., கியருக்கு 1.1 அல்லது 1.2 மி.மீ.

### ஹைட்ராலிக் டிஸ்க் என்றால்

லிவரை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள். அழுத்த அழுத்தக் கெட்டியானால் உள்ளே காற்று இருக்கிறது. டியூப் மாற்ற வண்டியைத் தலைகீழாக வைத்திருந்தீர்களா? நேராக நிறுத்தி, லிவரை அழுத்தியபடி கயிறு கட்டி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் சரியாக இருந்தாலும் அது தற்காலிகம்தான். காற்று வெளியேறவில்லை, மேலே போயிருக்கிறது.

முழுத் தீர்வு காற்றெடுப்பது. டைம் டிரையல் லிவர்களில் இது ரோடு பைக்கை விடச் சிரமம், காற்று தங்கும் மூலைகள் அதிகம். ஆயிலையும் மாற்றிப் போடக் கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் ரோடு டிஸ்க் பிரேக்குகளுக்கு டாட் ஆயில். ஒன்றில் மற்றது போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெடும், பிறகு காலிப்பர், லிவர் எல்லாமே செலவுதான். நிச்சயம் தெரியாதவர் செய்யக் கூடாத வேலை. லிவர் அருகே எண்ணெய்க் கசிவு கண்டால் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே மெக்கானிக்.

## அறிகுறி 5: "லிவரை விட்டாலும் பிரேக் திரும்புவதில்லை"

ரோடு பைக்கில் புதிதாக ஏரோ பார் மாட்டிய பிறகு இது தொடங்கியதென்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஓடும் பிரேக் அவுட்டரின் மேல் கிளாம்ப் உட்கார்ந்து நசுக்கியிருக்கிறது. கிளாம்ப்பைத் தளர்த்தி லிவரை அழுத்தி விடுங்கள். டக்கென்று திரும்பினால் அதுதான். டேப்பைப் பிரித்து, அவுட்டரைக் கிளாம்ப் இல்லாத பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். நசுங்கிய துண்டை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள்.

ஏரோ பாரால் இல்லையென்றால், கேபிளில் துரு. கடலோரத்தில் ஓட்டும் வண்டிகளில் உப்புக் காற்றும், பாட்டிலிலிருந்து சிந்தும் சர்க்கரைத் தண்ணீரும், தலையிலிருந்து சொட்டும் வியர்வையும் சேர்ந்து ஹேண்டில்பார் பகுதியைத்தான் முதலில் தின்னும். டேப்பைப் பிரித்தால் அலுமினிய ஹேண்டில்பாரில் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். குழி விழுந்த ஹேண்டில்பாரை மாற்றியே ஆக வேண்டும். உடைவது பிரேக் அடித்து எடை கொடுக்கும் கணத்தில்தான்.

டைம் டிரையல் வண்டியில் பின் பிரேக் பெடல் அச்சுக்கு அடியில் ஒளிந்திருந்தால் அங்கே சேறும் மணலும் அடைந்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். ஸ்ப்ரே எண்ணெய் அடிக்காதீர்கள், ரிம்மில் பட்டால் அடுத்த கோளாறு தொடங்கும்.

## அறிகுறி 6: "பிரேக் பிடித்தால் முன்னால் டொக் என்கிறது"

முன் பிரேக்கைப் பிடித்து, ஒரு கையால் ஹெட்செட்டை (ஹேண்டில்பார் திரும்ப உதவும், ஃபிரேமின் முன்பக்க பேரிங்கை) சுற்றிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, மறுபடி பக்கவாட்டை இறுக்குங்கள்.

ஹெட்செட்டில் ஆட்டம் இல்லையென்றால் பேஸ் பாரைக் கீழ்நோக்கி எடை கொடுத்து அமுக்குங்கள். சுழன்றால் கிளாம்ப் போல்ட் போதவில்லை. போல்ட் அருகே இறுக்க அளவு எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில். டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாமல் கார்பனில் கை வைக்காதீர்கள். கார்பன் என்றால் அதற்கான பிடிப்புப் பசை தடவி இறுக்க வேண்டும், கிரீஸ் அல்ல. எல்லா கார்பன் ஹேண்டில்பாரும் கிளிப் ஏரோ பாரைத் தாங்காது, தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு மெல்லிய கீறல் நகத்தில் தட்டினால் அதோடு அந்த ஹேண்டில்பாரின் வேலை முடிந்தது.

## அறிகுறி 7: "கீச்சிடுகிறது, மழையில் பிடிப்பதே இல்லை"

ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கட்டையைக் கழற்றி, மேல்முகம் பளபளத்தால் உப்புத்தாளில் தேயுங்கள். அதில் பொதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் கிளறி எடுங்கள். மாட்டும்போது கட்டையின் முன்முனை சக்கரத்தை முதலில் தொடும்படி, பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இறுக்கினால் பெரும்பாலும் சத்தம் போய்விடும்.

கார்பன் ரிம் என்றால் கார்பனுக்கு என்றே செய்த கட்டை வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை எக்காரணம் கொண்டும் அதில் போடாதீர்கள், பொதிந்த துணுக்கு ரிம்மைச் சுரண்டும். மழையில் கார்பன் ரிம் முதல் சில சுற்றுகளுக்கு ஏறக்குறைய எதுவுமே பிடிக்காது. நனைந்த ரோட்டில் சீக்கிரமாகவே லேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு பலம் கொடுங்கள். நீண்ட இறக்கத்தில் அதே கார்பன் ரிம் சூடேறிக் கெடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதற்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏரோ நிலையோ அங்கே பேச்சுக்கே இடமில்லை.

டிஸ்க் பிரேக்கில் கீச் சத்தத்தோடு பிடிப்பும் குறைந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. ரோட்டரை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை) ஐசோபிரபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் தேய்த்தாலும் தீராது, புதிதுதான். ஷிமானோ ரோட்டர் 1.8 மி.மீ. தடிமனில் வருவது 1.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். பேடின் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. தொட்டாலும் அதே. புதுப் பேட் போட்டதும் போட்டிக்கு ஓடாதீர்கள். 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, முழுக்க நிறுத்தாமல், இருபது தடவையாவது பிரேக் பிடித்துப் பழக்குங்கள்.

அலுமினிய ரிம்மின் பிரேக் தடத்தில் ஸ்கேலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியும் அளவுக்குக் குழிந்திருந்தால் கட்டை மாற்றிப் பயனில்லை. ரிம்மை மாற்ற மெக்கானிக்கிடம் போங்கள்.

## அறிகுறி 8: "பிரேக் துடிக்கிறது, விட்டு விட்டுப் பிடிக்கிறது"

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் சக்கரத்தில் கோட்டம். பக்கவாட்டில் 1 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் கோட்டம் எடுக்க வேண்டும். சாதாரண ரிம்முக்கு நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரரே போதும், ஆழமான கார்பன் ரிம்மில் ஸ்போக் நிப்பிள் உள்ளே மறைந்திருந்தால் அதற்கென்று கருவி உள்ளவரிடம் கொடுங்கள். கோட்டமில்லாமல் ஒரே இடத்தில் மட்டும் தட்டினால் ரிம்மின் இணைப்பிடமோ, பள்ளத்தில் விழுந்து புடைத்த இடமோ இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். கார்பன் ரிம்மில் புடைப்பு தெரிந்தால் டயரில் காற்றை இறக்கிவிட்டு, வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

விமானத்தில் பெட்டியில் வந்த வண்டி என்றால் முதலில் ரோட்டர் வளைந்திருக்கிறதா பாருங்கள். சக்கரம் கழன்றிருந்தபோது யாராவது பிரேக் லிவரை அழுத்தியிருந்தால் இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேடைக் கழற்றி, பிளாஸ்டிக் டயர் லிவரால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டனில் விரிசல் விழும். பெட்டிக்காகக் கழற்றிய பேஸ் பார், ஏரோ கம்பி, முழங்கை மெத்தை போல்ட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிவிட்டு, மேலே சொன்ன நின்ற இடத்துச் சோதனையைச் செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய மாலை இதில் ஏதாவது ஒன்று தேறவில்லையென்றால் போட்டி நடக்கும் இடத்திலேயே பெரும்பாலும் மெக்கானிக் மேசை இருக்கும். வரிசை நீளும் முன் போய்விடுங்கள்.